உச்சிக்கு முன்னால் இறங்குகிறவர்கள்

சிக்கல் என்றதும் பலருக்கு நாகப்பட்டினத்துப் பக்கத்துச் சிங்காரவேலர் கோயில்தான் நினைவுக்கு வரும். இது வேறு சிக்கல். ராமநாதபுரம் மாவட்டம், கடலாடி வட்டம். பனையும் சீமைக்கருவேலும் மாறி மாறி வரும் பொட்டல். ஒரு பக்கம் வாலிநோக்கம் உப்பளமும் மன்னார் வளைகுடாவும், இன்னொரு பக்கம் சாயல்குடி வட்டாரத்தின் கருப்பட்டிக் கொட்டகைகள்.

பதநீர்ப் பருவத்தில் இந்தப் பக்கம் பனையேறி இருட்டோடு கிளம்பிவிடுகிறார். கலயத்தை இறக்கி, பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவி, வெயில் ஏறுவதற்குள் தரைக்கு வந்துவிடுகிறார். மறுபடி ஏறுவது வெயில் தாழ்ந்த பிறகு. உச்சிப்பொழுதில் மரத்தில் ஆள் இருக்காது. அந்த நேரத்தில் அடுப்பில் பதநீர் கொதிக்கும். அதைக் காய்ச்சும் பெண்ணுக்கு உச்சிப்பொழுது விடுமுறை கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த உழைப்பைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 12 மீட்டர் உயரப் பனையில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு விசைக்கு எதிராக உடலைத் தூக்க மட்டும் ஏறக்குறைய 7,000 ஜூல் வேண்டும். கலோரியில் சொன்னால் 1.7 கிலோகலோரி. பூ, இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் நாளுக்கு 40 மரம், காலையும் மாலையும் என்றால் 80 ஏற்றம். மொத்த உயரம் 960 மீட்டர். துபாயின் புர்ஜ் கலீபா 828 மீட்டர்தான்.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. தசை, இயந்திரம் என்ற வகையில் அவ்வளவு சிக்கனமானதல்ல. அது செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் வேலையாகிறது, முக்கால் பங்கு வெப்பமாகிறது. ஆக, அந்த 80 ஏற்றத்துக்கு மட்டும் 540 கிலோகலோரி எரிந்தால், அதில் 400 உடம்புக்குள் சூடாகத் தங்கும். பிடிமானத்துக்கும் இறங்குவதற்கும் ஆகும் செலவு தனி. வெளியே வெயில் அடிப்பதற்கு முன்பே உள்ளே ஒரு அடுப்பு எரிகிறது. உடல் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்க வேண்டும். இரண்டு, மூன்று டிகிரி தாண்டினால் ஆபத்து. உள்ளே எரியும் அந்த அடுப்பை அணைக்கிற வேலை வேர்வையுடையது.

ஒரு லிட்டர் வேர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். சொட்டித் தரையில் விழும் வேர்வைக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. அது வெறும் நஷ்டம்.

வாலிநோக்கம் பக்கம் போனால் இதே விதியை ஏக்கர் கணக்கில் விரித்துப் போட்டிருப்பதைப் பார்க்கலாம். தமிழ்நாடு உப்பு நிறுவனம் 1974-இல் தொடங்கப்பட்டது. இன்றைக்கு ரேஷன் கடையில் கிடைக்கும் அரசு உப்பின் தாய்வீடு இந்தக் கடற்கரைதான். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி, வெயிலிலும் காற்றிலும் வற்றவிட்டு, அடர்த்தி ஏறிய பிறகு உப்பு பூக்கவிடுகிறார்கள். நீர் ஆவியாக ஆக உப்பு விளையும். தொழிலாளியின் தோலிலும் நீர் ஆவியாக ஆகத்தான் அவர் உடம்பு குளிரும். புழுக்கமான நாளில் இரண்டும் சேர்ந்தே மந்தமாகும். பாத்தியில் உப்பு விளைய ஒரு நாள் தாமதமானால் மறுநாள் வாரிக்கொள்ளலாம். உடம்புக்கு அந்தத் தவணை கிடையாது.

அதனால்தான் வானொலியில் சொல்லும் வெப்பநிலை உழைப்பவருக்குப் பாதிச் செய்திதான். 1950-களில் அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களில் இளைஞர்கள் வெப்பத்தால் சுருண்டு விழுந்துகொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க ஒரு புதிய அளவுகோலை உருவாக்கினார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதற்கு 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்துக்குள் இருக்கும் சூட்டுக்கு 20 சதவீதம், சாதாரணக் காற்று வெப்பநிலைக்கு வெறும் 10 சதவீதம் என்று கலந்து ஒரே எண்ணாக்குவார்கள். ஈரப்பதத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று பாருங்கள். உள்நாட்டின் காய்ந்த 40 டிகிரியைவிடக் கடலோரத்தின் ஈரமான 35 டிகிரி சில நாள் மோசமாக இருப்பதன் ரகசியம் இதுதான். கடினமான உடலுழைப்புக்கு இந்த அளவுகோலில் 27.5 டிகிரியை ஒட்டிய எல்லையைத் தொழில்நல வல்லுநர்கள் வைக்கிறார்கள். அதற்கு மேல் போனால் வேலைக்கு நடுவே ஓய்வைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

உப்பளத்தில் நிலைமை என்ன? சென்னை போரூரிலுள்ள ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபால் குழுவினர் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைக்கப்பட்ட எல்லைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. நாள்தோறும் உடம்பு வற்றுவது, ரத்தம் தோலுக்குத் திருப்பிவிடப்படுவதால் சிறுநீரகத்துக்குப் போகும் பங்கு குறைவது, அதோடு தசைச் சிதைவின் கழிவும் வந்து சேர்வது என்று பல வழிகளில் அடி விழுகிறது.

நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. பரந்த வெட்டவெளியில், மறைவுக்கு ஒரு புதர்கூட இல்லாத பாத்திக்காட்டில், கழிப்பறை இல்லாமல் வேலை செய்யும் பெண் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார். அவருக்குத் தாகத்தின் அருமை தெரியாமல் இல்லை. தனிமனித ஆற்றல் பராமரிப்பு பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தொடாத இடம் இது. ஒருவர் எவ்வளவு தண்ணீர் குடிப்பார் என்பதைச் சில நேரம் நான்கு சுவரும் ஒரு கதவும் தீர்மானிக்கின்றன.

வெயிலுக்கு உடம்பு பழகும் என்பதும் உண்மைதான். பழகுவது என்றால் வெறும் சகிப்பு அல்ல. ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வேர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் சுரக்கிறது, அதில் கலந்து வெளியேறும் உப்பு குறைகிறது, அதே வேலைக்கு இதயத் துடிப்பும் தணிகிறது. வேடிக்கை என்னவென்றால், இந்தத் தேர்ச்சி சேமிப்புக் கணக்கில் தங்காது. சில வாரம் வெயிலை விட்டு விலகியிருந்தால் பெரும்பகுதி கரைந்துவிடும். புதிதாக வருகிறவருக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் 20 சதவீதம் மட்டும் கொடுத்து, பிறகு நாளுக்கு 20 சதவீதமாக ஏற்ற வேண்டும் என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம். விடுப்பு முடிந்து திரும்பும் பழைய கைக்கு முதல் நாள் 50 சதவீதம். சித்திரை, வைகாசியில் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்து முதல் நாளே முழுக் கூலிக்கு இறங்குகிறவர், தன் அனுபவத்தை நம்பி இறங்குகிறார். அவருடைய வேர்வைச் சுரப்பிகளுக்கு அந்த அனுபவம் மறந்துபோயிருக்கும்.

ஓய்வு கொடுத்தால் உற்பத்தி விழாதா? முதலாளி கேட்கும் கேள்வி இது. கூலி எடைக்கணக்கில் என்றால் தொழிலாளியும் கேட்பார். இதற்கு ஒரு நல்ல பதில் எல் சால்வடோரின் கரும்புத் தோட்டத்திலிருந்து வந்தது. மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் சிறுநீரகம் பழுதாகி இறந்துகொண்டிருந்த சூழலில், 2014–15 பருவத்தில் தண்ணீர், ஓய்வு, நிழல் என்று மூன்றையும் வயலுக்கே கொண்டுபோனார்கள். எடுத்துச் செல்லும் கூடாரம், முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை, நேரம் குறித்த இடைவேளை. கூடவே நல்ல வடிவமைப்புள்ள வெட்டுக்கத்தியும் தந்தார்கள். பருவத்தின் போக்கில் ஆளுக்கு நாளொன்றுக்கு 5.1 டன் ஆக இருந்த வெட்டு 7.3 டன் ஆனது. ஓய்வா, கத்தியா, தண்ணீரா, எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இளைப்பாறினால் வேலை கெடும் என்ற பயத்துக்கு அந்த வயலில் ஆதாரம் கிடைக்கவில்லை.

இதற்கு நூறு ஆண்டு முந்திய சாட்சியும் உண்டு. முதல் உலகப் போரின்போது பிரிட்டன் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் பெண்கள் ஞாயிறுகூட இல்லாமல் உழைத்தார்கள். அப்போது எடுத்த பதிவேடுகளைப் பொருளியலாளர் ஜான் பென்கவெல் 2014-இல் மறுபடி அலசினார். வாரம் 70 மணி நேரம் உழைத்துக் கிடைத்த உற்பத்தி, 56 மணி நேரத்தில் கிடைத்ததைவிட அதிகம் வேறுபடவில்லை. நடுவிலுள்ள 14 மணி நேரமும் தண்ணீரில் கரைத்த உப்பு. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட கணக்கு இன்னும் கனமானது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ததோடு தொடர்புடைய பக்கவாதம், இதய நோய் மரணங்கள் 2016-இல் மட்டும் 7,45,000.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு சட்டமன்றம் வரைக்கும் வந்திருக்கிறது. கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. உட்காருவதற்குச் சட்டமா என்று சிரித்தவர்கள், ஜவுளிக் கடையில் ஒரு தீபாவளி வாரம் நின்று பார்த்தவர்களாக இருக்க முடியாது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்ப, அது திரும்பப் பெறப்பட்டதாக மே தினத்தன்று முதலமைச்சர் அறிவித்தார்.

இனி, வெயில் படாமல் வாடுகிறவர்கள். குளிரூட்டிய அறையில், திரைக்கு முன்னால் உட்கார்ந்து, மாலையில் பிழிந்த துணி மாதிரி எழுந்து போகிறவர்கள். மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வில் உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. மும்முரமாக யோசித்தால் இது எகிறும் என்று நினைப்போம். எகிறுவதில்லை, சில சதவீதம்தான் கூடுகிறது. அப்படியானால் அந்தக் களைப்பு எங்கிருந்து வருகிறது?

மன உறுதி என்பது தீர்ந்துபோகும் பாட்டரி மாதிரி என்று 1990-களின் கடைசியில் ஒரு கொள்கை கிளம்பியது. அமெரிக்க உளவியலாளர் ராய் பாமெய்ஸ்டர் குழுவின் சோதனையில், பக்கத்திலேயே சாக்லேட் பிஸ்கட் மணக்க, முள்ளங்கியை மட்டும் தின்னச் சொல்லப்பட்டவர்கள் பிறகு கொடுத்த புதிரைச் சீக்கிரமே கைவிட்டார்கள். ஆசையை அடக்கியதிலேயே உறுதி செலவாகிவிட்டது என்று விளக்கம் சொன்னார்கள். மேடைப் பேச்சாளர்களுக்கு அல்வா மாதிரி ஒரு செய்தி. 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து இந்தக் கொள்கையைப் பொதுவான ஒரு சோதனையால் பரிசோதித்தபோது விளைவு ஏறக்குறைய பூஜ்யமாக வந்தது. மனித உடம்பு 90 நிமிடச் சுழற்சியில் இயங்குகிறது, ஆகவே 90 நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை எடு என்பதும் இதே ரகம். தூக்கத்தில் அப்படியொரு சுழற்சி உண்டு. விழிப்பிலும் அது தொடர்வதாகத் தூக்க ஆய்வாளர் நதேனியல் கிளெய்ட்மன் முன்வைத்த கருத்துக்குச் சான்று மெலிந்தே இருக்கிறது. இடைவேளை நல்லது. அதற்கு 90 என்ற மந்திர எண் தேவையில்லை.

கொஞ்சம் நம்பிக்கை தரும் தடயம் 2022-இல் பாரிஸிலிருந்து வந்தது. ஒரு நாள் முழுக்கக் கடினமான மூளை வேலை செய்தவர்களுக்கு, முடிவெடுக்க உதவும் முன்மூளைப் பகுதியில் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் சேர்ந்திருந்தது. எளிய வேலை செய்தவர்களிடம் அப்படிச் சேரவில்லை. அதாவது எரிபொருள் தீர்ந்ததைவிடக் குப்பை சேர்ந்ததுதான் காரணமோ என்று யோசிக்க வைக்கும் முடிவு. ஒரு ஆய்வுதான், இதை வைத்துக் கோட்டை கட்டக்கூடாது.

தென்மாவட்டங்களில் உடம்புக் களைப்பைச் சடவு என்பார்கள். சடவு ஒரு ராத்திரித் தூக்கத்தில் போய்விடும். மருத்துவம் பர்ன்அவுட் என்று சொல்வது வேறு. நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனையில் தொண்டு செய்தவர்களிடம் இதைக் கவனித்து 1974-இல் எழுதினார் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். பகலில் சொந்த மருத்துவம், இரவில் தொண்டு என்று அவரே அதில் கருகியவர்தான். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதற்கு வரையறை கொடுத்தபோது நோய் என்று சொல்லவில்லை, பணியிடம் சார்ந்த நிகழ்வு என்றது. சரியாகக் கையாளப்படாத நீண்டகாலப் பணி அழுத்தத்தால் வருவது. அறிகுறி மூன்று: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசப்பு ஊறுதல், செய்யும் வேலையில் திறன் குறைந்துபோதல். முதலாவதை மட்டும் தூக்கம் தொடும். மற்ற இரண்டும் தலையணைக்கு அகப்படாதவை.

ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979-இல் வைத்த வாதம் இங்கே பொருந்துகிறது. வேலை அதிகமாக இருப்பது மட்டும் ஒருவரை நொறுக்குவதில்லை. வேலையும் அதிகம், அதை எப்போது எப்படிச் செய்வது என்ற பிடியும் தன் கையில் இல்லை என்றால்தான் உடைச்சல் கடுமையாகிறது. பனையேறியையும் உப்பளத் தொழிலாளியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இது விளங்கும். உடலுழைப்பில் பனையேறி குறைந்தவரில்லை, விழுந்தால் உயிருக்கே ஆபத்து. ஆனாலும் எந்த மரத்தை எப்போது ஏறுவது, எப்போது நிழலில் படுப்பது என்பது பெரும்பாலும் அவர் முடிவு. உப்பளத்தில் விடியுமுன் தொடங்குவதும் வெயிலைத் தப்பத்தான். ஆனால் அள்ள வேண்டிய உப்பு அள்ளி முடியும்வரை வெயில் ஏறிக்கொண்டே இருக்கும்.

விடியுமுன் தொடங்கும் வேலைக்கு இன்னொரு விலையும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரனும் ஜி.மாரிமுத்துவும் வெளவால்களை வைத்து உடல் கடிகாரத்தை ஆராய்ந்தவர்கள். இருண்ட குகைக்குள் அடைக்கப்பட்ட வெளவால், சுற்றிலும் சுதந்திரமாகப் பறந்து திரும்பும் கூட்டம் இருந்தால் வெளிச்சத்தைப் பார்க்காமலேயே நேரம் தவறாமல் விழித்தது. கூட்டமில்லாமல் தனித்து இருந்தால் கடிகாரம் நாளுக்கு நாள் விலகிப்போனது. பிறகு மனிதர்களை வாரக்கணக்கில் நேரம் தெரியாத அறையில் தங்கவைத்தும் அங்கே ஆய்வு நடந்தது. உறக்கம் ஊரோடு சேர்ந்த விவகாரம் என்பதற்கு வெளவால் ஒரு சாட்சி. ஊர் பத்து மணிவரை டிவி பார்க்க, அதிகாலை 3 மணிக்குப் பாத்தியில் நிற்க வேண்டியவர் எட்டு மணிக்குத் தூங்கிவிட முடியுமா? அதிலும் அவர்தான் அந்த வீட்டுக்குச் சமைக்கிறவர் என்றால்?

மதியம் ஒன்றிலிருந்து நான்கு மணிக்குள் கண் சொருகுவதும் இதே கடிகாரத்தின் வேலை. சோறு தின்றதால் மட்டும் வருவதில்லை, சாப்பிடாதவருக்கும் வரும். திண்ணையில் துண்டை விரித்துப் படுப்பதைச் சோம்பல் என்று வெள்ளைக்காரத் துரைகள் குறித்துவைத்துப் போனார்கள். இன்று பெரிய கம்பெனிகள் அதற்குத் தனி அறை கட்டுகின்றன.

கடல் பக்கம் போனால் ஓய்வு என்பது காலண்டரிலேயே எழுதியிருக்கும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடும் உண்டு. இரு தரப்புக்கும் நடந்த மோதல்களுக்குப் பிறகு வந்த முறை அது. ராமேசுவரத்திலிருந்து விசைப்படகுக்காரர்கள் திங்கள், புதன், சனி என்று போவார்கள். இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு வருகிறவருக்கு மறுநாள் கட்டாயமாகக் கரை. மனிதர் இளைப்பாறட்டும் என்று யாரும் இதைப் போடவில்லை. மீனுக்கும் சண்டைக்கும் போட்ட விதியில் ஆளுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது.

தாங்களே போட்டுக்கொண்ட விதியைப் பார்க்க வேண்டுமென்றால் பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துக்குப் போக வேண்டும். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் 12 நாள் மட்டும் கடலில் இறங்குவது என்று கூடி முடிவெடுத்தார்கள். பாசி மறுபடி வளர வேண்டும் என்பது முதல் காரணம். அவர்களின் தலைவி லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பின் விருது கிடைத்தது. ஒருத்தி மட்டும் 12 நாளோடு நிறுத்தியிருந்தால், மீதி நாளின் பாசியை அடுத்தவள் எடுத்திருப்பாள். எல்லோரும் நிறுத்தியதால்தான் ஒவ்வொருத்தியாலும் நிறுத்த முடிந்தது.

உப்பளத்துக்கும் ஓய்வுக் காலம் உண்டு. ஐப்பசி பிறந்து மழை இறங்கினால் பாத்தி நிறைந்துவிடும், தை வரைக்கும் வேலையில்லை. வேலையில்லை என்றால் கூலியும் இல்லை. உடம்பு ஆறும், கடன் ஏறும். சில ஆண்டுகளாகத் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு இந்த மழைக்காலத்துக்கென 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான 92 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 54 ரூபாய் சொச்சம். மழைக்காலக் கடனை அடைக்க வேண்டிய அவசரத்தோடுதான் தையில் வரப்பு கட்டப் போவார்கள். தை வெயில் இதமானது, மாசியும் பரவாயில்லை. மூன்று மாதத்தில் கரைந்துபோன வெயில் பழக்கத்தை உடம்பு அந்த இரண்டு மாதத்தில் மெல்லத் திரட்டிக்கொள்ளும், பங்குனி வருவதற்குள்.